கில் பில்: முதல் முறை பார்ப்பவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

திருவான்மியூரில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை படம் பார்க்கிறோம். தண்ணீர்த் தொட்டிச் சுவருக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறோம், அதுதான் திரை. பக்கத்து வீட்டுக்காரர்கள், அவர்கள் பிள்ளைகளின் கல்லூரி நண்பர்கள், என் அலுவலகத்திலிருந்து இரண்டு மூன்று பேர் என்று பதினைந்து பேராவது சேர்ந்துவிடுவார்கள். குவென்டின் டரான்டினோவின் 'கில் பில்' படத்தை இதுவரை மூன்று முறை போட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஆட்கள் வேறு, சந்தேகங்கள் அதேதான். படம் ஓடும்போதே காதருகில் வந்து கேட்பார்கள். பதில் சொல்லி முடிப்பதற்குள் ஒரு நல்ல காட்சி இரண்டு பேருக்கும் போய்விடும். அதனால் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டேன்.

கடைசி நான்கு கேள்விகள் இரண்டு பாகங்களையும் பார்த்து முடித்தவர்களுக்கு. மற்றவர்கள் தயவுசெய்து அங்கே போகாதீர்கள்.

என்ன படம்க்கா இது? ஒரு வரியில சொல்லுங்க, பார்க்கலாமா வேணாமான்னு முடிவு பண்றேன்.

கல்யாண ஒத்திகைக்காகச் சின்னத் தேவாலயம் ஒன்றில் நிற்கும் கர்ப்பிணிப் பெண்ணை, அவளுடைய பழைய கூட்டாளிகளே வந்து சுட்டுவிட்டுப் போகிறார்கள். நான்கு வருடம் கோமாவில் கிடந்து எழுந்திருக்கிறாள். ஐந்து பெயர்களை எழுதிக்கொண்டு கிளம்புகிறாள். கடைசிப் பெயர் பில். அவ்வளவுதான் கதை.

முதல் பாகம் 2003 அக்டோபரிலும் இரண்டாம் பாகம் 2004 ஏப்ரலிலும் அமெரிக்காவில் வெளியாயின. மணப்பெண்ணாக உமா தர்மன், பில்லாக டேவிட் காரடைன். இந்த மணப்பெண் பாத்திரத்தை டரான்டினோவும் உமா தர்மனும் 1990-களில் வேறொரு படத்தில் சேர்ந்து வேலை செய்தபோது பேசிப் பேசி உருவாக்கினார்கள். டைட்டிலிலும் அது இருவர் பெயரின் முதல் எழுத்துகளோடு வரும், கவனியுங்கள்.

கதைதான் ஆரம்பத்துலயே தெரிஞ்சுடுதே. யார் யாரைக் கொல்லப் போறான்னு லிஸ்டே போட்டுடறா. அப்புறம் என்ன இருக்கு பார்க்க?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இதுதான். காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்து பார்த்தவர்களுக்குப் பதில் ஏற்கெனவே தெரியும். பதினெட்டாம் நாள் துரியோதனன் சாவான் என்பது அங்கே உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் யாரும் எழுந்து போவதில்லை. காலையில் படுகளத்தில் மண்ணால் செய்த அந்தப் பெரிய உருவத்தின் தொடை பிளந்து, திரௌபதி கூந்தலை முடிக்கிறவரை ஊரே காத்திருக்கிறது. என்ன நடக்கும் என்பதற்காக யாரும் அங்கே உட்காரவில்லை. எப்படி நடக்கும் என்பதற்காக உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்தப் படத்தையும் அப்படி வந்து பாருங்கள். ஒவ்வொரு எதிரிக்கும் ஒரு தனி உலகம் கட்டியிருக்கிறார்கள். ஒருத்திக்கு அமெரிக்கப் புறநகர் வீட்டுச் சமையலறை, இன்னொருத்திக்குப் பனி பெய்யும் ஜப்பானியத் தோட்டம், ஒருவனுக்குப் பாலைவனத்தில் ஒரு டிரெய்லர் வண்டி. சண்டையின் தாளமும் வெளிச்சமும் பாட்டும் இடத்துக்கு இடம் மாறும்.

ரெண்டு பாகம்ங்கறீங்க. ஒண்ணு மட்டும் பார்த்தா போதாதா?

போதாது. ஒரே படமாக எழுதி, ஒரே படமாக எடுத்தது. நான்கு மணி நேரத்துக்கு மேல் வந்ததால் பிரித்து வெளியிட்டார்கள். மொத்தம் பத்து அத்தியாயங்கள், பாகத்துக்கு ஐந்து. முதலாவது சுமார் 1 மணி 51 நிமிடம், இரண்டாவது சுமார் 2 மணி 17 நிமிடம். முதல் பாகத்தில் கேள்விகளும் கத்தியும் இருக்கும், பதில்களும் பேச்சும் இரண்டாம் பாகத்தில். முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு "நல்ல சண்டைப் படம்" என்று போகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். பாதிச் சாப்பாட்டில் இலையை மூடுகிற மாதிரி.

இரண்டையும் சேர்த்து ஒரே படமாக்கிய பதிப்பும் உண்டு. 2006-இல் கான் திரைப்பட விழாவில் காட்டினார்கள், 2025 டிசம்பரில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. முதல் முறை பார்க்கிறவர்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். முதல் பாகத்தின் கடைசி வசனத்தைக் கேட்டுவிட்டு ஒரு ராத்திரி தூக்கம் வராமல் கிடக்க வேண்டும். அடுத்த நாளோ அடுத்த வாரமோ இரண்டாவதைப் போடுங்கள்.

ரத்தம் ஜாஸ்தியா இருக்குமாமே. எனக்கு ரத்தம் பார்த்தா தலை சுத்தும்.

ஜாஸ்திதான். ஆனால் ஆஸ்பத்திரி ரத்தம் மாதிரி இருக்காது. ஒரு கை வெட்டுப்பட்டால் தோட்டத்துக் குழாய் உடைந்த மாதிரி பீய்ச்சும். பழைய ஜப்பானிய சாமுராய்ப் படங்களின் வழக்கம் அது. கம்ப்யூட்டரை நம்பாமல், பழைய சீனப் படங்களில் செய்ததுபோல் சாயத்தை அடைத்து உடைத்து எடுத்திருக்கிறார்கள். எங்கள் மாடியில் முதல் வெட்டுக்கு முகத்தை மூடிக்கொண்ட எதிர்வீட்டு மாமி, பத்து நிமிடத்தில் விரலை விலக்கிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். "இது திருவிழா மஞ்சள் தண்ணி மாதிரின்னா இருக்கு" என்றார். சரியாகச் சொன்னார்.

நிஜமாகவே கஷ்டமான இடங்கள் வேறு. கோமாவில் கிடக்கும் பெண்ணின் உடலை ஆஸ்பத்திரி ஊழியன் ஒருவன் காசுக்கு விற்கிறான் என்று தெரியவரும் காட்சி முதலாவது. அனிமேஷன் பகுதியில் ஒரு சிறுமிக்கு நடப்பது அடுத்தது. இரண்டாம் பாகத்தில் ஒரு பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கும் காட்சி மூன்றாவது. அதில் திரை இருண்டு, ஆணி அடிக்கும் சத்தமும் மண் விழும் சத்தமும் மட்டும் கேட்கும். மூச்சுத் திணறல் பயம் உள்ளவர்கள் அந்த நேரத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம், கதை விட்டுப்போகாது.

பையன் எட்டாவது படிக்கிறான், கூட உட்காரலாமா?

வேண்டாம். பெரியவர்களுக்கான படம். மேலே சொன்ன முதல் இரண்டு இடங்களே போதும் காரணத்துக்கு. பதினெட்டு முடியட்டும், படம் எங்கேயும் போகாது.

போன்ல பார்த்தா பரவாயில்லையா? டப்பிங்ல?

திரை சின்னதாக இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், சத்தம் சின்னதாக இருக்கக் கூடாது. நல்ல ஹெட்போனாவது போட்டுக்கொள்ளுங்கள். ஏன் என்று இசை பற்றிய பதிலில் சொல்கிறேன். டப்பிங் வேண்டாம். முதல் பாகத்தில் ஜப்பானிய மொழி நிறைய வருகிறது. ஒருத்தி எப்போது ஜப்பானியத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மாறுகிறாள் என்பதே அவளுடைய மிரட்டல். எல்லோரும் ஒரே மொழியில் பேசிவிட்டால் அது செத்துவிடும். சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

மாடியில் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சித்திரை வைகாசியில் ஏழு மணிக்கு முன் ஆரம்பிக்காதீர்கள். வானத்தில் வெளிச்சம் மிச்சம் இருந்தால் அந்த முதல் கறுப்பு வெள்ளைக் காட்சி சுவரில் தெரியவே தெரியாது.

அவ பேரைச் சொல்றப்பல்லாம் 'பீப்'னு சத்தம் வருதே. சென்சார்ல கட் பண்ணிட்டாங்களா?

மூன்று முறையும் யாராவது ஒருவர் எழுந்து ஸ்பீக்கர் ஒயரை ஆட்டிப் பார்த்திருக்கிறார்கள். கெட்ட வார்த்தைக்குப் பீப் கேட்டுப் பழகிய காது நமக்கு, வேறென்ன தோன்றும். படத்தில் கோளாறு ஒன்றும் இல்லை. வேண்டுமென்றேதான் பெயரை மறைக்கிறார் இயக்குநர். முதல் பாகம் முழுக்க அவள் மணப்பெண் மட்டும்தான். பெயரையும் பிடுங்கிக்கொண்டார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டாம் பாகத்தில் பெயர் வரும்போது உங்களுக்கே ஒரு நிம்மதி வரும். கண் கூர்மையானவர்கள் முதல் பாகத்திலேயே ஒரு விமான டிக்கெட்டில் படித்துவிடுவார்கள். கண்டுபிடித்தால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லாதீர்கள்.

எது முன்னாடி நடந்தது, எது பின்னாடி நடந்தது? எனக்குக் குழம்பிடுச்சு.

குழம்பவேண்டிய அவசியமே இல்லை, ஒரு நோட்டைப் பார்த்தால் போதும். முதல் அத்தியாயத்தின் தலைப்பே '2' என்று இருக்கும். அந்த அத்தியாயம் முடிந்ததும் வண்டியில் உட்கார்ந்து தன் நோட்டைத் திறந்து ஒரு பெயரை அடிக்கிறாள். அதற்கு மேலே இன்னொரு பெயர் ஏற்கெனவே அடிபட்டிருக்கும். ஆக, நாம் முதலில் பார்த்தது அவளுடைய இரண்டாவது பழி. முதலாவதை இந்தப் பாகத்தின் கடைசி அத்தியாயத்தில் காட்டுகிறார்கள்.

ஏன் இப்படி மாற்றினார்கள் என்று யோசித்தால், பெரிய சண்டையை முடிவுக்கு வைக்கவேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதல் அத்தியாயத்தில் இரண்டு பெண்கள் வீட்டுக்குள் கத்தியோடு புரண்டு சண்டை போடுகிறார்கள். ஜன்னல் வழியே ஸ்கூல் பஸ் வந்து நிற்பது தெரிகிறது. நான்கு வயதுப் பெண் குழந்தை பையோடு உள்ளே வருகிறாள். உடனே இரண்டு பேரும் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறார்கள். அம்மாக்கள் செய்கிற காரியம் அது. படம் எதைப் பற்றியது என்று பதினைந்து நிமிடத்துக்குள் காட்டிவிட்டார்கள். இந்தக் குழந்தையை மறக்காதீர்கள், பின்னால் திரும்பி வருவேன்.

நடுவுல திடீர்னு கார்ட்டூன் வருதே! இது நம்ம ஆளவந்தான்ல இருந்து சுட்டதுன்னு சொல்றாங்க, நிஜமா?

சென்னையில் இந்தப் படத்தைப் போட்டுவிட்டு இந்தக் கேள்வியிலிருந்து தப்பவே முடியாது. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். கமல்ஹாசன் தன் 'தாயம்' தொடர்கதையை வைத்துத் திரைக்கதை எழுதி, சுரேஷ் கிருஷ்ணா இயக்கிய 'ஆளவந்தான்' 2001-இல் வந்தது. கமல் நடிக்கும் நந்துவின் மனம் பிசகுகிற இடங்களில் வன்முறை அனிமேஷனாக மாறும். ஓர் இந்தியப் படத்தில் அப்படிப் பார்த்துத்தான் தனக்கு யோசனை வந்ததாக டரான்டினோ சொன்னார் என்று இயக்குநர் அனுராக் காஷ்யப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். இது காஷ்யப் வழியாக நமக்கு வந்த செய்தி. 'சுட்டது' என்ற வார்த்தையை நான் சொல்லமாட்டேன். நம் ஊரில் ஒருவர் அந்தத் துணிச்சலை முதலில் காட்டினார் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

'கில் பில்'லின் அந்தப் பகுதியை ஜப்பானின் புரொடக்ஷன் ஐ.ஜி. நிறுவனம் வரைந்தது. லூசி லியு நடிக்கும் ஓ-ரென் இஷியின் சிறுவயதுக் கதை. கட்டிலுக்கு அடியில் வாயைப் பொத்திக்கொண்டு கிடக்கிறாள் சிறுமி. மேலே மெத்தையில் அவள் அம்மா. மெத்தையை ஊறிக்கொண்டு சிவப்பு கீழே இறங்குகிறது. நிஜக் குழந்தையை வைத்து இதை எடுத்திருந்தால் பார்க்கவே முடியாது, எடுத்திருக்கவும் கூடாது. கோடாக வரைந்ததால் பார்க்க முடிகிறது, ஆனாலும் மனசை விட்டுப் போவதில்லை. எதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தவளும் ஒரு காலத்தில் பழிவாங்கப் புறப்பட்ட குழந்தை என்று தெரிந்த பிறகு அவளை முன்போல் வெறுக்க முடியாது.

அந்த மஞ்சள் டிரஸ் ப்ரூஸ் லீ போட்டதுதானே? பழைய படமெல்லாம் பார்த்திருந்தாத்தான் இது புரியுமா?

ப்ரூஸ் லீ 1973-இல் இறந்துபோனார். அவர் பாதியில் விட்ட படத்தை 1978-இல் முடித்து வெளியிட்டார்கள். கறுப்புப் பட்டை போட்ட அந்த மஞ்சள் உடை அதிலிருந்து வந்தது. கத்தி செய்து தரும் ஹட்டோரி ஹான்ஸோ என்ற பெயர் 16-ஆம் நூற்றாண்டு ஜப்பானிய வீரர் ஒருவருடையது. அதை நடிக்கும் சன்னி சிபா, ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடரிலும் அதே பெயரில் நடித்தவர். கார்டன் லியு என்ற ஹாங்காங் குங்ஃபூ நடிகர் இரண்டு பாகங்களிலும் இரண்டு வேறு வேடங்களில் வருகிறார். இரண்டாவதைத் தாடியை மீறிக் கண்டுபிடியுங்கள்.

இதெல்லாம் தெரிந்தால் சந்தோஷம், தெரியாவிட்டால் நஷ்டமில்லை. நான் முதலில் பார்த்தபோது எதுவும் தெரியாது. பாரிமுனையில் வாங்கிய ஒரு டிவிடி, பாதியில் நின்று நின்று ஓடியது. அப்போதும் பிடித்தது.

பெரிய சண்டை நடுவுல கலர் போயிடுச்சே, ஃபைலே அப்படியா?

ஃபைல் சரியாகத்தான் இருக்கிறது. டோக்கியோ கேளிக்கை விடுதியில் ஓ-ரெனின் அடியாள் கூட்டத்தோடு மோதும்போது ஒருவனுடைய கண் போகிறது, அதோடு நிறமும் போகிறது. அவ்வளவு சிவப்பை அப்படியே காட்டினால் அமெரிக்காவில் சான்றிதழ் சிக்கலாகும் என்பது ஒரு பக்கம். முன்காலத்தில் அங்கே தொலைக்காட்சியில் குங்ஃபூ படம் போடும்போது ரத்தத்தை மறைக்கக் கறுப்பு வெள்ளையாக்கிவிடுவார்கள், அதை நினைவுபடுத்துவது இன்னொரு பக்கம். ஜப்பானில் வெளியான பதிப்பில் இந்தச் சண்டை முழுக்க கலரிலேயே இருக்கும்.

எனக்கு இதில் உயிர் அடுத்து வருகிற கட்டம்தான். விடுதியின் விளக்கு அணைகிறது. நீல வெளிச்சத் தட்டியின் முன்னால் உருவங்கள் வெறும் நிழலாக நின்று சண்டை போடுகின்றன. தோல்பாவைக் கூத்தைப் பெரிய திரையில் பார்ப்பதுபோல் இருக்கும். முகம் தெரியாது, ரத்தம் தெரியாது, உடல்களின் வளைவு மட்டும். ஒளிப்பதிவு ராபர்ட் ரிச்சர்ட்சன்.

மியூசிக் யாரு? ஒவ்வொரு பாட்டும் ஒவ்வொரு ஊரு மாதிரி இருக்கு.

ஒவ்வொரு ஊர்தான். ரிஸா என்ற ராப் இசைக்கலைஞர் புதிதாகச் செய்தது கொஞ்சம். மீதியில் பெரும்பகுதி டரான்டினோ தன் பழைய இசைத்தட்டுகளிலிருந்து எடுத்து ஒட்டியது. எதிரியைப் பார்த்ததும் திரை சிவந்து சைரன் மாதிரி ஒரு அலறல் கேட்கிறதே, அது குவின்ஸி ஜோன்ஸ் 1960-களில் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடருக்காகப் போட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒற்றைக்கண் மறைத்த நர்ஸ் விசிலடித்துக்கொண்டே நடந்து வருகிறாளே, அந்த மெட்டு பெர்னார்ட் ஹெர்மன் 1968-இல் ஒரு பிரிட்டிஷ் படத்துக்காகச் செய்தது. எங்கள் குடியிருப்பில் ஒரு பையன் லிஃப்டில் அதை விசிலடித்தே இரண்டு பேரைப் பயமுறுத்தியிருக்கிறான்.

காதைத் தீட்டிக்கொள்ளவேண்டிய இடம் பனித்தோட்டம். அங்கே ஒரு மூங்கில் குழாயில் தண்ணீர் நிறைகிறது. நிறைந்ததும் குழாய் சாய்ந்து தண்ணீரைக் கொட்டிவிட்டு, திரும்பும்போது கல்லில் 'டொக்' என்று தட்டுகிறது. மறுபடி நிறைகிறது. ஸ்பானிய வாடையடிக்கும் ஒரு கைதட்டல் பாட்டு ஆரம்பித்துப் பிறகு ஓய்ந்துவிடும், மூங்கில் மட்டும் நிற்காது. இரண்டு பெண்கள், பனி, அந்த 'டொக்'. நல்ல ஸ்பீக்கர் வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இந்த ஒரு சத்தத்துக்காக.

விமானத்துல கத்தியோட உட்கார்ந்திருக்கா. எந்த ஊர்ல விடுவாங்க?

அந்தப் படத்து ஊரில் விடுவார்கள். இருக்கையிலேயே கத்தி வைக்க இடம் இருக்கிறது, பாருங்கள். கீழே தெரியும் டோக்கியோவும் பொம்மை நகரம்தான், அதை மறைக்கவும் இல்லை. இரண்டாவது கேள்வியில் சொன்ன கூத்துக்கு வந்தவர்கள் பீமனின் கதாயுதம் மரத்தால் செய்ததா என்று தட்டிப் பார்ப்பதில்லை.

உமா தர்மனே சண்டையெல்லாம் போட்டாங்களா, டூப்பா?

நிறையப் பயிற்சி எடுத்து நிறையவே அவர் செய்திருக்கிறார். அவருக்குக் குழந்தை பிறக்கவேண்டியிருந்ததால் படப்பிடிப்பையே தள்ளிவைத்துக் காத்திருந்தார்கள். சண்டைப் பயிற்சி ஹாங்காங்கின் யுவென் வூ-பிங். ஆபத்தான இடங்களில் உமாவுக்காக உருண்டது, பறந்தது, விழுந்தது நியூசிலாந்தைச் சேர்ந்த ஸோயி பெல். கோடம்பாக்கத்தைத் தெரிந்த நமக்கு ஸ்டன்ட் கலைஞர்கள் படுகிற பாடு புதிதில்லை, அந்தப் பெயரைச் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஒரு கசப்பான விஷயமும் உண்டு. படப்பிடிப்பில் உமாவையே கார் ஓட்டச் சொல்லி, அது மரத்தில் மோதி, கழுத்திலும் முழங்காலிலும் அவருக்கு நிரந்தர பாதிப்பு ஏற்பட்டது. 2018-இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். தான் செய்ததற்கு வருந்துவதாக டரான்டினோவும் சொன்னார். படத்தை நேசிக்கிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டுதான் நேசிக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

ரெண்டாவது பாகம் ஏன் இவ்ளோ மெதுவா போகுது? பேசிட்டே இருக்காங்க.

முதல் பாகத்தில் பில்லின் முகத்தைக் காட்டவே இல்லை, கவனித்தீர்களா? கையும் குரலும் மட்டும். இரண்டாம் பாகத்தில் அவன் புல்லாங்குழலோடு வந்து உட்கார்ந்ததும், இவ்வளவு மென்மையாகப் பேசுகிறவனா அப்படிச் செய்தான் என்று தோன்றும். அந்தக் குழப்பத்துக்காகத்தான் இந்த மெதுவான நடை. கத்தியால் தீர்க்க முடிந்த கணக்கெல்லாம் பெரும்பாலும் முதல் பாகத்தில் தீர்ந்துவிட்டது. மீதி இருப்பது இரண்டு பேருக்குள் இருந்த உறவு.

நடுவில் வெள்ளைத் தாடி குருவிடம் அவள் பயிற்சி எடுக்கும் அத்தியாயம் வரும். பலகைக்கு மிக அருகில் கையை வைத்து, நாள் முழுக்கக் குத்திக் குத்தி முஷ்டி கிழியும். 'இது எதுக்கு' என்று அலுத்துக்கொள்ளாமல் பாருங்கள். கூலி உடனே கிடைத்துவிடும்.

*இதற்கு மேல் இரண்டு பாகங்களையும் பார்த்தவர்கள் மட்டும்.*

எண்பத்தெட்டு பேரையா ஒருத்தி வெட்டினா? எண்ணிப் பார்த்தேன், வரலை.

வராது. எண்பத்தெட்டு பேர் அங்கே இருக்கவே இல்லை, அந்தக் கூட்டத்துக்கு அப்படி ஒரு பெயர், கேட்க நன்றாக இருந்ததால் வைத்துக்கொண்டார்கள் என்று பில்லே இரண்டாம் பாகத்தில் தம்பியிடம் சொல்கிறான்.

இவ்ளோ பேரைக் கொன்னுட்டு சந்தோஷமா குழந்தையோட போயிடறா. பழிவாங்கறது சரின்னுதானே படம் சொல்லுது?

மெரினாவில் கையில் சிலம்போடு நிற்கிறவளை நினைத்துக்கொள்ளுங்கள். மதுரையையே எரித்தவள். ஆனால் தீக்கடவுள் வந்து யாரை விடவேண்டும் என்று கேட்டபோது முதியவர்களையும் குழந்தைகளையும் விட்டுவிடச் சொன்னவளும் அவள்தான். கொடுத்த பட்டியல் இன்னும் நீளம், நான் குழந்தைகளிடம் நிற்கிறேன். நம் கதையில் கோபத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது.

இந்தப் படத்திலும் அந்த எல்லையைத் தேடிப் பாருங்கள். விடுதிச் சண்டையில் கடைசியாக நடுங்கிக்கொண்டு நிற்கிற பையனை அவள் வெட்டவில்லை. கத்தியின் தட்டையான பக்கத்தால் பின்புறத்தில் போட்டு, அம்மாவிடம் போ என்று துரத்துகிறாள். இரண்டாம் பாகத்தில் ஹோட்டல் அறை வாசலில் ஒருத்தி துப்பாக்கியோடு வந்து நிற்கும்போது, இவள் கையில் கர்ப்பப் பரிசோதனைப் பட்டை. நான் கர்ப்பமாக இருக்கிறேன், வேண்டுமானால் எடுத்துப் பார் என்கிறாள். கொல்ல வந்தவள் படித்துப் பார்த்துவிட்டு வாழ்த்துச் சொல்லிவிட்டு ஓடிப்போகிறாள். எவ்வளவு பெரிய கொலைகாரக் கூட்டமானாலும் அங்கே ஒரு கோடு இருக்கிறது. கல்யாண ஒத்திகையில் பில் தாண்டியது அந்தக் கோட்டைத்தான். அவளுடைய கோபம் முழுக்க அதிலிருந்து வருகிறது. பழி சரி என்று படம் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. அவளுக்குக் காரணம் இருந்தது என்கிறது, அதற்கு மேல் அவளையே சுமக்க விடுகிறது.

ஜெயிச்சப்புறம் பாத்ரூம் தரையில படுத்து அழறா, சிரிக்கறா. எதுக்கு?

பில் ஐந்து அடி நடந்து விழுகிறான். அவள் முகத்தில் வெற்றியின் களையே இல்லை, கவனித்திருப்பீர்கள். அவனை அவள் ஒரு காலத்தில் நேசித்தவள். மறுநாள் காலை மகள் வெளியே டிவியில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அம்மா பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, பொம்மையை அணைத்துக்கொண்டு தரையில் கிடக்கிறாள். அழுகை எது சிரிப்பு எது என்று பிரிக்க முடியாது. நன்றி, நன்றி என்று மட்டும் சொல்கிறாள். செத்துப்போனதாக நினைத்த குழந்தை அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் அது ஒரே உணர்ச்சியாக வரும்? எங்கள் மாடியில் எதிர்வீட்டு மாமி இந்த இடத்தில் புடவைத் தலைப்பை எடுத்துக்கொண்டார். விளக்கம் எதுவும் கேட்கவில்லை.

மூணாவது பாகம் வருமா? அந்தச் சின்னப் பொண்ணு வளர்ந்து வருவாளா?

டரான்டினோ பல தடவை அதைப் பற்றிப் பேசியிருக்கிறார், எடுக்கவில்லை. எடுக்காவிட்டாலும் அந்தக் கதை ஏற்கெனவே படத்துக்குள் இருக்கிறது. முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போங்கள். ஸ்கூல் பஸ்ஸில் வந்து இறங்கிய நிக்கி, சத்தம் கேட்டுச் சமையலறை வாசலில் வந்து நிற்கிறாள். கீழே அம்மா. தரையெல்லாம் கலர் கலரான சீரியல் சிதறிக் கிடக்கிறது. மணப்பெண் கத்தியைத் துடைத்துக்கொண்டே, நீ பெரியவளானதும் இது உனக்கு வலித்துக்கொண்டே இருந்தால் வா, நான் காத்திருப்பேன் என்கிறாள்.

ஓ-ரென் கட்டிலுக்கு அடியில் கிடந்ததை நாம் அப்போது இன்னும் பார்த்திருக்கவில்லை. அடுத்த முறை பார்க்கும்போது தெரிந்துகொண்டு பார்ப்பீர்கள். மணப்பெண் வெளியே போகிறாள், காலடியில் அந்தச் சீரியல் நொறுங்குகிறது. நிக்கி அழவில்லை, பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.